மாட்டிக்கொண்டவன் கேட்ட எண்

பிப்ரவரி 3

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறேன். படித்து முடிக்கும்போது எப்படி இருப்பாயோ தெரியவில்லை.

இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்பாய். போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். ஒன்பது நாளாகிறது. இனி யாருக்காவது என்னிடம் சொல்ல ஏதாவது இருந்தால் தபால்தலை ஒட்டிச் சொல்லட்டும்.

போன மாதம் இருபத்தைந்தாம் தேதி காலை டீ போட்டுக்கொண்டிருந்தேன். போனில் ஒரு செய்தி வந்தது. "உங்கள் புதிய கைபேசி உங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது. மகிழ்ச்சியா? நட்சத்திரம் கொடுங்கள்." நான் கைபேசி எதுவும் வாங்கவில்லை. அந்த இணையக் கடையில் நான் வாங்கியது முட்டிக்கு மாட்டும் உறை இரண்டு, ஒரு டார்ச், உனக்கு அனுப்பிய இஸ்திரிப்பெட்டி. அவ்வளவுதான். கணக்கைத் திறக்கப் போனால் கடவுச்சொல் தவறு என்கிறது. என் கணக்கு என்னையே வாசலில் நிறுத்துகிறது.

கடையைக் கூப்பிட்டேன். முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் வந்து சொன்னாள்: மூன்று கைபேசி, ஒரு கைக்கடிகாரம். எல்லாம் என் பெயரில், "இப்போது வாங்கு, பிறகு கட்டு" என்ற திட்டத்தில். நான் ஒப்புக்கொண்டு அந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கிறேனாம். எங்கே கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். உன் ஊர்ப் பார்சல் கிடங்கின் கவுன்டரில், ஆர்டர் எண்ணைக் காட்டி யாரோ வாங்கிப்போனார்களாம். உன் வீட்டுக்காரர் மேற்பார்வையாளராக இருக்கும் அதே கிடங்கு.

இப்போது நீயே யோசி. அந்தக் கணக்கை எனக்குத் திறந்து கொடுத்தது யார்? இந்தச் சோபாவில் உட்கார்ந்து, "கடவுச்சொல்லா என்ன போடலாம் மாமா?" என்று கேட்டது யார்? நான் தனியாகப் பழுதுபார்த்த முதல் லிஃப்ட்டின் தகட்டு எண்ணைச் சொன்னேன். அது தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். யார்மேல் சந்தேகம் என்று கேட்டார்கள். மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

உனக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும்தான். முட்டி வலி அப்படியே இருக்கிறது.

அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலையில் இருந்தேன். மதியம் வீட்டுக்கு வந்து பிரித்தேன். அதன்பிறகு இரண்டு பேருடைய மூக்குக்கண்ணாடிகளில் வலது லென்ஸை இடதில் மாட்டிவிட்டேன். பதினாறு வருஷத்தில் இப்படிச் செய்ததில்லை.

கோபப்பட்டு எழுத ஆரம்பித்துக் கிழித்தேன். இது இரண்டாவது தாள்.

ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். கோபிக்காமல் பதில் எழுதுங்கள். அந்தச் செய்தி வருவதற்கு முந்தைய வாரம், தெரியாத யாராவது உங்களுக்குப் போன் செய்தார்களா? உங்கள் போனுக்கு வந்த எண் எதையாவது கேட்டார்களா?

அவரிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் பதில் எழுதும்வரை சொல்லமாட்டேன். முட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். உறையைத் தூங்கும்போது கழற்றுங்கள்.

உங்கள்
வாலு


பிப்ரவரி 14

அன்புள்ள வாலுவுக்கு,

கேள்வி கேட்டாய், பதில் சொல்கிறேன். எனக்கு ஒளிக்க எதுவும் இல்லை.

போன் வந்தது. பத்தொன்பதாம் தேதி என்று நினைக்கிறேன். பார்சல் கொண்டுபோகிற ஒருவன். மூச்சு வாங்கினான்.

"ஐயா, மன்னிச்சுக்கோங்க. கஸ்டமர் நம்பரப் போடுறதுக்குப் பதிலா தப்பா உங்க நம்பரப் போட்டுட்டேன். அபார்ட்மென்ட் கேட்டுக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிறேன். உங்களுக்கு ஒரு ஆறு நம்பர் வந்திருக்கும், அதச் சொன்னாத்தான் வெளிய விடுவாங்க."

"எங்க நிக்கிற?" என்று கேட்டேன்.

"கீழ, பேஸ்மென்ட்டுல. சிக்னல் போயிடும் ஐயா, சீக்கிரம்."

"பதறாத. மூச்ச நல்லா இழுத்து விடு. நம்பர் சொல்றேன், எழுதிக்கோ" என்று சொல்லி, ஒவ்வொரு எண்ணாக இரண்டு முறை படித்தேன். நன்றி சொன்னான். நல்ல பையன். குரலில் நடுக்கம் இருந்தது. நடுக்கத்தை நடிக்க முடியாது. அது எனக்குத் தெரியும்.

இதற்கும் என் கணக்குக்கும் என்ன சம்பந்தம்? அவன் என் கடவுச்சொல்லைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. யாருக்கும் சொன்னதில்லை, ஒருவரைத் தவிர.

அப்பா


பிப்ரவரி 19

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் அவரிடம் சொல்லாமல் வைத்திருந்தும் பயனில்லை. அதற்குள் காவல் நிலையத்திலிருந்தே வந்து சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கிடங்கில் எல்லோரும் வேலையில் இருக்கும்போது, இரண்டு காவலர்கள் வந்து அவர் பெயரைக் கேட்டிருக்கிறார்கள். கையில் இருந்த ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு அவர்களுடன் மேனேஜர் அறைக்குப் போயிருக்கிறார். ஒரு மணி நேரம் விசாரணை. விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். மார்ச் பத்தாம் தேதி விசாரணைக் குழு கூடுகிறது. அன்று தீர்மானிப்பார்களாம்.

வீட்டுக்கு வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "மாமாவா புகார் குடுத்தாரு?" நான் ஆமாம் என்றேன். "அவரே எழுதினாரா, இல்ல யாராவது சொல்லி எழுதினாரா?" என்றார். அவரே என்றேன். மூன்று நாளாக வீட்டில் இருக்கிற கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

இப்போது நான் சொல்வதைப் பொறுமையாகப் படியுங்கள். உங்களுக்குப் போன் செய்தவன் கேட்டுக்குள் மாட்டிக்கொள்ளவில்லை. உங்கள் கணக்கின் வாசலில் நின்றான். "கடவுச்சொல் மறந்துவிட்டது" என்று அழுத்தினால், கடை உங்கள் போனுக்கு ஆறு எண் அனுப்பும். அந்த எண் இருந்தால் பழைய கடவுச்சொல் தேவையே இல்லை. புதிதாக ஒன்று போட்டுக்கொள்ளலாம். உங்கள் லிஃப்ட் தகட்டு எண்ணை யாரும் திருடவில்லை. அது தேவைப்படவே இல்லை.

உங்கள் பெயரும் போன் எண்ணும் எப்படிக் கிடைத்தது என்று கேட்பீர்கள். வந்த பெட்டிகளைக் கிழிக்காமல் அழகாக மடித்துக் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் அடுக்குவீர்களே. மேலே ஒட்டியிருக்கும் சீட்டில் எல்லாம் இருக்கிறது. பொருள் ஏன் எங்கள் ஊருக்கு வந்தது? இஸ்திரிப்பெட்டி அனுப்பியபோது இந்தக் கிடங்கின் விலாசம் உங்கள் கணக்கில் பதிந்துவிட்டது. புது விலாசம் போட்டால் கடை சந்தேகப்படும். பழைய விலாசம் என்றால் கேள்வி கேட்காது. இதெல்லாம் அவர் எனக்கு விளக்கியது. உங்கள்மேல் கோபமாக இருந்த நேரத்திலும் படம் போட்டு விளக்கினார்.

பத்தாம் தேதிக்குள் நீங்கள் காவல் நிலையத்துக்குப் போய், அந்த எண்ணைக் கொடுத்தது நான்தான் என்று எழுதிக் கொடுத்தால் போதும். வேறு எதுவும் கேட்கவில்லை.

வாலு


பிப்ரவரி 25

மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நான்கு முறை படித்தேன்.

படிக்காதவன், தானாகக் கற்றுக்கொண்டவன், இவனுக்கு என்ன தெரியும் என்று உன் வீட்டுக்காரர் படம் போட்டுக் காட்டுகிறாராக்கும். கிரீஸ் டப்பா தூக்கப் போனவன் நான். சர்க்யூட் படத்தை வைத்துக்கொண்டு, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் படித்து மெக்கானிக் ஆனவன். எனக்கு யாரும் படம் போட்டுக் காட்டியதில்லை.

முப்பத்தெட்டு வருஷம் அவசர போன் என் கையில் இருந்தது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவன் கூப்பிடும்போது நீ யார், உன் அட்டையைக் காட்டு என்று கேட்டால் அவன் மூச்சடைத்துவிடுவான். முதலில் எங்கே நிற்கிறாய் என்று கேட்க வேண்டும். பதறாதே என்று சொல்ல வேண்டும். அவன் கேட்டதைக் கொடுக்க வேண்டும். மீதி எல்லாம் கதவு திறந்த பிறகு. இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை தவறு செய்து கற்றுக்கொண்டேன். உன்னைப் பெற்றெடுக்கப் போன உன் அம்மாவையே ஆஸ்பத்திரி வாசலில் விட்டுவிட்டு, எட்டாவது மாடியில் மாட்டியவளை இறக்கப் போனவன். அதற்கு உன் அம்மா கடைசிவரை என்னைச் சும்மா விடவில்லை என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட ஒரு பழக்கத்தைத் திருடன் உபயோகப்படுத்தினான் என்று நீ சொல்கிறாய். நான் ஏமாந்தேன் என்று போய்க் கையெழுத்துப் போடச் சொல்கிறாய். அங்கே உட்கார்ந்திருக்கிறவனுக்கு உன் வயசுகூட இருக்காது. அவன் முன்னால்.

யோசிக்கிறேன். இப்போதைக்கு இல்லை.

அப்பா


மார்ச் 2

அப்பாவுக்கு,

பத்தாம் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது.

நீங்கள் யோசியுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது இவர். அதை மட்டும் எழுதத்தான் உட்கார்ந்தேன்.


மார்ச் 7

அன்புள்ள வாலுவுக்கு,

பேர்கூடப் போடாமல் கடிதம் அனுப்பிவிட்டாய். உறையில் இருந்த எழுத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நேற்றுக் காவல் நிலையத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் பதினான்கு பேர். அதில் ஒன்பது பேர் என் மாதிரி கேஸ்தான். ஒரு அம்மா பெயரில் ஏழு வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். "யாரு துணியத் துவைக்கிறது, வீட்ல நான் ஒருத்திதான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு அழுதார். பெஞ்சின் ஒரு கால் ஆடிக்கொண்டே இருந்தது. ஒரு அட்டையை மடித்து அடியில் சொருகினேன்.

என் முறை வந்தது. அதே ஆள்.

"என்ன பெரியவரே, மறுபடியுமா?"

"ஒரு திருத்தம்."

"சொல்லுங்க."

"ஓடிபி நான்தான் குடுத்தேன்."

பேனாவைக் கீழே வைத்தார். "யாருக்குக் குடுத்தீங்க?"

"மாட்டிக்கிட்டவனுக்கு."

"யாரு மாட்டிக்கிட்டா?"

"அப்படித்தான் சொன்னான்."

பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். சிரிப்பார்கள் என்று தயாராகப் போயிருந்தேன். சிரிக்கவில்லை. அந்த ஆள், "எங்கப்பாவும் குடுத்தாரு" என்றார். "அவருகிட்ட கேட்டவன் ஆஸ்பத்திரியில நிக்கிறதா சொன்னான்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு என் பழைய புகாரை எடுத்து, மாப்பிள்ளை பெயர் இருந்த வரியை அடித்து, பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். நடந்ததைத் தனித்தாளில் நானே எழுதினேன். மூன்று பக்கம். ஒரு நகல் கிடங்கு மேனேஜருக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது. ரசீது இதோடு இருக்கிறது. பத்தாம் தேதிக்குள் கிடைத்துவிடும். தபால் ஆபீஸில் இருமுறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மன்னிப்பு என்ற வார்த்தை அந்த மூன்று பக்கத்தில் இல்லை. அங்கே அதற்கு வேலை இல்லை என்று விட்டுவிட்டேன்.

பெட்டிகளில் ஒட்டிய சீட்டை இப்போது பிளேடால் சுரண்டி, தண்ணீரில் ஊறவைத்துத்தான் எறிகிறேன். அந்தக் கடை என் பெயரில் இருந்த கடனை நிறுத்தி வைத்திருக்கிறது. கணக்கைத் திரும்பத் தருகிறார்களாம். ஆனால் இரண்டாவது எண் ஒன்று கேட்கிறார்கள். கணக்கில் ஏதாவது தப்பு நடந்தால் எனக்கு முன்னால் அவர்கள் கூப்பிடுவதற்கு, நம்பிக்கையான ஒருவருடைய எண். மாப்பிள்ளையுடைய எண்ணைப் போடலாம் என்று இருக்கிறேன். கேட்டுச் சொல்.

அப்பா


மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. எழுத உட்கார்ந்து எழுந்துகொண்டே இருந்தேன்.

உங்கள் தபால் ஒன்பதாம் தேதியே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்தாம் தேதி அவரைக் கூப்பிட்டு, தவறு எதுவும் இல்லை, திங்கட்கிழமை வேலைக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போனார். இவர் இல்லாத நான்கு வாரத்தில் மேற்பார்வை வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். திரும்ப வாங்க முடியாதாம். இவர் இப்போது பார்சல் இறக்கும் பக்கத்தில் நிற்கிறார். சம்பளத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கூட வேலை செய்கிறவர்கள் இவரைக் கண்டால் பைகளை மூடி வைத்துக்கொள்கிறார்களாம். அதை மட்டும் ஒரு தடவை, சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

நீங்கள் எழுதிய மூன்று பக்கத்தையும் மேனேஜர் அவருக்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார். "மாமா கையெழுத்து நல்லா இருக்கு" என்றார்.

எண்ணைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னார்: "என் நம்பர வேண்டாம்னு சொல்லு. கோபத்துல சொல்லல. நாளைக்கு அங்க ஏதாவது ஒண்ணு ஆனா, மொத ஆளா என்னத்தான் தேடி வருவாங்க. இன்னொரு தடவ என்னால எல்லார் முன்னாலயும் நடந்து அந்த ரூமுக்குப் போக முடியாது."

அப்படியானால் என் எண்ணைப் போடுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். என் சிம்மும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரைக் கேட்காமல் கொடுக்க முடியாது அப்பா. இப்போது கேட்கவும் முடியாது.

நான் உங்களை விட்டுவிடவில்லை. கொஞ்ச நாள் ஆகட்டும். கோடை விடுமுறைக்கு வருவோமா என்று கேட்காதீர்கள்.

முட்டி எப்படி இருக்கிறது?

வாலு


மார்ச் 29

அன்புள்ள வாலுவுக்கு,

முட்டி பரவாயில்லை.

போனை வெளியே எடுத்துக்கொண்டு, தெருமுக்கில் இருக்கும் போன் கடைக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பெண் பொறுமைசாலி. எனக்காகப் படிவத்தைத் திறந்து ஒவ்வொன்றாகக் கேட்டுப் போட்டாள். இரண்டாவது எண் என்ற கட்டம் வந்தது. காலியாக விடு என்றேன். காலியாக விட்டால் அடுத்த பக்கம் வராது என்றாள்.

"யாருமே இல்லையா தாத்தா?"

"இருக்காங்க. இப்பக் கேக்கக்கூடாது."

"என் நம்பரப் போடட்டா?" என்றாள். என்னை அவள் பார்த்ததே அன்றைக்குத்தான். வேண்டாம் என்றேன். தெரியாத ஆளுக்கு எண் கொடுக்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லிவிட்டு, கணக்கை மூடச் சொல்லி எழுந்து வந்துவிட்டேன். வெளியே வந்தபிறகுதான் நான் அவளுக்கு என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

முட்டி உறையை இனிமேல் கடைக்குப் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இப்போது ஒரு விஷயம். இதை உனக்கு எழுதாமலே விட்டுவிடலாம் என்று இருந்தேன். முதலில் புகார் கொடுத்த அன்று, பெயரைச் சொன்னவுடன் அந்த ஆள் எழுதிவிடவில்லை. "உறுதியாத் தெரியுமா பெரியவரே?" என்று கேட்டார். தெரியும் என்றேன். "உங்க மாப்பிள்ளைங்கறீங்க. ஒரு வாரம் கழிச்சுக்கூட எழுதலாம்" என்றார். இப்போதே எழுதுங்கள் என்றேன். மூன்றாவது தடவையும் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று சத்தம் போட்டேன். அதன்பிறகுதான் எழுதினார். ஏமாந்தது ஒரு நிமிஷத்தில் நடந்தது. அதற்கு என் பழக்கம் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். இது அப்படி இல்லை. மூன்று தடவை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, மூன்று தடவையும் நான் யோசித்துச் சொன்னது.

இதை அந்த மூன்று பக்கத்தில் எழுதவில்லை. மேனேஜருக்குத் தெரியாது. பையை மூடி வைத்துக்கொள்கிறவர்களுக்கும் தெரியாது.

ஏப்ரல் ஆறாம் தேதி, திங்கட்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்கு வரவில்லை, நீ சமைத்து வைக்காதே. கிடங்கு வாசலுக்குப் போகிறேன். மதியம் அவர்கள் வேலை மாறும்போது எல்லோரும் வெளியே வருவார்கள் அல்லவா, அப்போது அங்கே நிற்பேன். மாப்பிள்ளை பெயரை எல்லோர் முன்னாலும் கெடுத்தது நான். அதனால் எல்லோரும் இருக்கும் இடத்தில்தான் சொல்ல வேண்டும். என்ன சொல்வேன் என்று எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதினால் திருத்த ஆரம்பித்துவிடுவேன்.

நான் வருவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. ஆளைத் திடீரென்று மடக்கக் கூடாது. என்னைப் பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் அவர் பின்வாசல் வழியாகப் போகட்டும். அந்த வாசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நான் யாரிடமும் விசாரிக்கமாட்டேன்.

அப்பா